கிழக்கு கொடுக்கும், மேற்கு பிடுங்கும்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்த முழங்கால் மட்டும் நிமிர மறுக்கிறது. உன் தலைவலி எப்படி இருக்கிறது? கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் தையலை எடுத்துக்கொண்டு உட்காராதே.

நான் வருவதற்கு முன்பே உன் கடிதம் இங்கே வந்து காத்திருந்தது. ஃப்ளையிங் கிளப் ஆபீசில் ஓர் அம்மாள் இருக்கிறார்கள். பதிவேடு, சாவி, தபால் எல்லாம் அவர்கள் கையில்தான். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இந்தத் தபால் பெட்டி நம்பரை நாங்க விட்டு வருஷக்கணக்காச்சு தம்பி. தபால்காரர் பழைய ஆளு, அதனால கொண்டுவந்து குடுத்துட்டார். உங்க அக்காவுக்கு இந்த நம்பர் யார் குடுத்தா?" என்று கேட்டார்கள். எனக்கும் அதுதான் கேள்வி. நான் உனக்கு விலாசமே தரவில்லையே.

அறையில் இரண்டு கட்டில், ஒரு மேஜை. ஜன்னலைத் திறந்தால் ரன்வே. கூட இருப்பவன் தலைமுடி எப்போதும் நட்டுக்கொண்டு நிற்பதால் அவனுக்குப் பஞ்சு என்று பேர். தனியாகப் பறக்க விடுவதற்கு முன் ஐந்து எழுத்துத் தேர்வு பாஸாக வேண்டும்: சட்டம், வானிலை, என்ஜின், ரேடியோ, கடைசியாக வழி கண்டுபிடிக்கிற நேவிகேஷன். நாலு விடை கொடுப்பார்கள், ஒன்றைத் தொட வேண்டும். எழுபத்தைந்து வாங்கினால் தேர்ச்சி.

அம்மா இருந்தவரை நம் வீட்டில் விமானம் என்ற வார்த்தையே கிடையாது. மேலே சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். நீயும் ஒரே ஒரு தடவை "வேண்டாம்டா" என்றாய். ஏன் என்று கேட்டதற்குப் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாய். அடுப்பில் பாலே இல்லை, அக்கா. நான் பார்த்தேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன்,
கடுகு

•

ஜனவரி 17

கடுகுத் தம்பிக்கு,

நான் நலம். தலைவலி இருக்கிறது, ஆனால் அது குடும்ப அங்கத்தினர் மாதிரி, போ என்றால் போகாது. உன் முழங்கால் நிமிர்ந்ததா? காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது, நூற்றி ஒன்று.

கடையில் வேலை சரியாக இருக்கிறது. நேற்று ஒருவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "தரை சரிவா தெரியுதும்மா, நான் விழுந்துடுவேன்" என்றார். எடுத்துப் பார்த்தால் கடையில் வேலை பழகும் சின்னப் பெண் லென்ஸை எண்பது டிகிரியில் பொருத்துவதற்குப் பதில் நூறில் பொருத்தியிருக்கிறாள். தொண்ணூறுக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டியதை இந்தப் பக்கம் வைத்துவிட்டாள். அந்த மனுஷர் அதோடு படியிறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் எதையும் மூன்று தடவை பார்ப்பது ஏன் என்று கேட்டுக் கேலி செய்வாயே, இதற்குத்தான்.

தபால் பெட்டி நம்பர் ஏதோ பழைய விளம்பரத்தில் பார்த்த ஞாபகம். அதைப் போய்ப் பெரிசாக எழுதுகிறாயே.

ஒரே ஒரு வேண்டுகோள். படிக்கிற புத்தகங்களைப் புதிதாகவே வாங்கிக்கொள். பிறர் புத்தகம் வேண்டாம். தூசி உனக்கு ஆகாது.

அன்புடன்,
அக்கா

•

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

சளி, இருமல் எதுவும் இல்லை. தூசியும் ஒன்றும் செய்யவில்லை. ஆமாம், உன் பேச்சைக் கேட்கவில்லை. நேவிகேஷன் புத்தகம் புதிதாகக் கிடைக்கவில்லை, கிளப் அலமாரியில் ஒரே ஒரு பழைய பிரதி இருந்தது, எடுத்துக்கொண்டேன். நீ எப்படி இருக்கிறாய்? கண்ணைக் காட்டினாயா? கண்ணாடிக் கடையில் இருந்துகொண்டு கண்ணைக் காட்டாத ஒரே ஆள் நீதான்.

இந்தப் புத்தகத்தை வைத்திருந்தவர் ஓரமெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறார். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகுமே, அந்தப் பென்சில். வேடிக்கையான ஆள். கணக்கில் தப்பு கண்டுபிடித்த இடத்திலெல்லாம் பக்கத்தில் "மாட்டிக்கிட்டேன்" என்று எழுதுகிறார். சிட்டு என்று யாரோ ஒருத்தி உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறாள் போல. "சிட்டு இதில் மடக்கினாள்." "சிட்டு சிரித்தாள், பழிவாங்குவேன்." படிக்கப் படிக்க அறையில் மூன்றாவதாக ஓர் ஆள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. பஞ்சுகூட, "மத்தியானம் முழுக்க யார்கூடப் பேசிட்டு இருக்கே?" என்றான். நான் வாய்விட்டுப் படித்தேனாம். படித்தது சரி, நடுவில் நிறுத்தி நிறுத்தித் தலையாட்டினேனாம்.

இனிமேல்தான் விஷயம். மாதிரித் தேர்வில் எனக்கு நாலு கேள்வி தப்பு. நாலும் ஒரே ஜாதி. வரைபடத்தின் வடக்கு வேறு, காம்பஸ் ஊசி காட்டும் வடக்கு வேறு. இந்த வட்டாரத்தில் ஒன்பது டிகிரி வித்தியாசம், மேற்குப் பக்கமாக. படத்தில் அளந்த திசையோடு அந்த ஒன்பதைக் கூட்டினால், காம்பஸில் பிடிக்க வேண்டிய எண் வரும். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கை கழிக்கிறது. கழித்தால் வருகிற விடையும் அந்த நாலில் ஒன்றாக இருக்கும். யார் எப்படித் தப்புவார்கள் என்று தெரிந்துதான் வைக்கிறார்கள்.

ஏன் கழிக்கிறேன் என்று யோசித்தேன். எனக்குச் சோறு ஊட்டும்போது நீ பாடுவாயே, "கிழக்கு கொடுக்கும், மேற்கு பிடுங்கும், வாயைத் திற" என்று? கிழக்கு என்று ஒரு வாய் கொடுப்பாய், மேற்கு என்று கரண்டியைப் பின்னால் இழுப்பாய். அதுதான் கழிக்கச் சொல்கிறது. நினைத்துச் சிரித்தேன்.

மறுநாள் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினால், ஊதாவில் பெரிய எழுத்தில், "கிழக்கு கொடுக்கும், மேற்கு பிடுங்கும் – சிட்டு சூத்திரம்."

அக்கா, அது நம் வீட்டுப் பாட்டு இல்லையா? நீ சொந்தமாகக் கட்டியது என்றுதானே சொன்னாய்? முந்தின நாள் அந்தப் பக்கத்தின் ஓரம் வெறுமையாக இருந்தது என்று என்னால் சத்தியமே செய்ய முடியும்.

சீக்கிரம் எழுது.

உன்,
கடுகு

•

மார்ச் 11

தம்பிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு ஒன்றுமில்லை. பதில் எழுதத் தாமதம். கடையில் கணக்கெடுப்பு, பிறகு மழை, பிறகு சமையலறைச் சுவரில் ஓதம். கொத்தனார் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று மூன்று வாரம் கழித்து வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ளுக்குள்ள ரொம்ப வருஷமா ஊறியிருக்கும்மா. மேல பூசினா நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் சாம்பல் நிற ஸ்வெட்டரைத் துவைத்து வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டுப் பூனை நம் ஜன்னலில்தான் குடியிருக்கிறது.

நன்றாகப் படி. சாப்பிடு.

அக்கா

அந்தப் பாட்டை மறந்துவிடு. அது ஒரு பக்கத்துக்குத்தான் சரி. காம்பஸிலிருந்து படத்துக்கு வந்தால் சரி, படத்திலிருந்து காம்பஸுக்குப் போனால் தலைகீழ். படத்தில் அளந்தால் மேற்குக்குக் கூட்டு. கூட்டு. கூட்டு.

•

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்தான். ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறது. உனக்கு உடம்பு சரியில்லையா? கையெழுத்து கடைசி வரிகளில் உன்னுடையது மாதிரியே இல்லை.

நீ கண்ணாடிக் கடையில் இருப்பவள். காம்பஸிலிருந்து படத்துக்கு, படத்திலிருந்து காம்பஸுக்கு என்று எங்கள் மாஸ்டர் சொல்கிற மாதிரி சொல்கிறாய். இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் கேட்டதற்குப் பதிலைக் காணோம், கொத்தனார் மட்டும் வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

சட்டமும் வானிலையும் பாஸ். வானிலையில் தொண்ணூற்றிரண்டு. நேவிகேஷன் மே பன்னிரண்டு. மறுபடி மாதிரித் தேர்வு எழுதினேன், மறுபடி அதே நாலு தப்பு. நீ மூன்று முறை எழுதிய "கூட்டு" என்பதைக் காகிதத்தில் எழுதி மேஜையில் ஒட்டிவைத்துக்கொண்டும் கழித்தேன். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடை வாய்க்கு வந்துவிடுகிறது, யாரோ பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல. எடுத்துக் கொடுப்பவருக்கும் அதுதான் சரி என்று நினைப்பு.

இன்னொன்று. சிரிக்காதே. நேற்றுக் காலை பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்த்தேன், என் நாக்கு ஊதாவாக இருந்தது. என்னிடம் இருப்பது சாதாரணக் கறுப்புப் பென்சில். பஞ்சுவிடமும் அதுதான். அறை முழுக்கத் தேடினோம், ஊதாப் பென்சில் இல்லை.

பதில் போடு அக்கா. ஸ்வெட்டரைப் பற்றி வேண்டாம்.

உன்,
கடுகு

•

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இருபது நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்பதுகூடப் பயமாக இருக்கிறது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். என்ஜின், ரேடியோ இரண்டும் பாஸ்.

புத்தகத்தின் பின்னட்டைப் பையில் மடித்த வரைபடம் ஒன்று இருந்தது. இங்கிருந்து கிழக்கே அறுபது மைலில் ஒரு தானியக் கிடங்கு இருக்கிறது. அதன் கோபுரம்தான் இங்கே எல்லோருக்கும் அடையாளம். அது வரை ஊதாக் கோடு. படத்தில் அளந்த திசை எண்பது. ஒன்பதைக் கூட்டி எண்பத்தொன்பது என்று வந்திருக்க வேண்டும். எழுபத்தொன்று என்று எழுதியிருக்கிறது. அதைச் சுற்றி வட்டம் வேறு.

ஆபீஸ் அம்மாளிடம் காட்டினேன். அவர்கள் சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. உட்காரச் சொன்னார்கள். "நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் தம்பி. அந்தப் பையன் அன்னிக்குத்தான் முதல் தடவை தனியா வழி பார்த்துப் போறான். அதுக்கு முன்னாடியெல்லாம் பக்கத்துல வாத்தியார் இருந்து திருத்திடுவார். அன்னிக்கு அவசரம், கணக்கைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்க. காலையில மூடுபனி. நாப்பது நிமிஷம் கழிச்சு ரேடியோல, 'கோபுரம் இன்னும் தெரியலை'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். அப்புறம் ஒண்ணுமில்லை. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் பத்துப் பத்து மைல் தேடினாங்க. ஒரு ஆணிகூடக் கிடைக்கலை" என்றார்கள்.

பழைய பதிவேட்டை எடுத்து வைத்தார்கள். புத்தகம் எடுத்தவர் கையெழுத்து இருக்கிறது, திருப்பிக் கொடுத்தவர் கையெழுத்து இல்லை. அறையைக் காலி செய்தவர்கள் அலமாரியில் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் வீட்டு விலாசம்.

அக்கா, அது நம் வீட்டு விலாசம். கதவு எண், தெரு, எல்லாம்.

நமக்கு மூத்தவன் ஒருவன் காய்ச்சலில் போய்விட்டான், அப்போது எனக்கு மூன்று வயது என்றுதானே எல்லோரும் சொன்னீர்கள். அவனுக்கு ஏன் ஒரு போட்டோகூட இல்லை என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் தம்பி

•

ஏப்ரல் 22

என் கடுகுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். அதைத்தவிர இந்த வீட்டில் எனக்கு வேறு நினைப்பு இல்லை. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ கேட்ட கேள்விதான் உடம்பில் இருக்கிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

சிட்டு நான்தான். அவன் வைத்த பேர். அவன் போனபிறகு யாரும் கூப்பிடவில்லை, நீ கேட்டிருக்க வாய்ப்பில்லை.

எனக்குப் பதினைந்து, அவனுக்கு இருபத்தொன்று. தேர்வுக்குப் படிக்க ஒரு மாத விடுமுறையில் வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பேன், அவன் சொல்வான். நீ மேஜைக்கு அடியில் அவன் செருப்பைக் கடித்துக்கொண்டிருப்பாய். எல்லாம் தண்ணீர்பட்ட பாடு அவனுக்கு. இந்த ஒரு கணக்கு மட்டும் ஏறவில்லை. ஒரு நாள் கூட்டுவான், ஒரு நாள் கழிப்பான். நான் பெரிய மேதாவி இல்லையா? நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்த உதாரணத்தைப் பார்த்தேன். கிழக்கைக் கூட்டியிருந்தது, மேற்கைக் கழித்திருந்தது. அவ்வளவுதானே என்று பாட்டுக் கட்டிக் கொடுத்தேன். "அடி சிட்டு, நீ படிக்க வேண்டியதை நான் படிக்கிறேன்" என்று தலையில் தட்டினான். அதற்குப்பிறகு அவன் ஒரு நாளும் தடுமாறவில்லை. தினமும் ஒரே மாதிரி, தப்பாகவே சொன்னான். நானும் சரி, சரி என்றேன்.

அந்த உதாரணம் காம்பஸிலிருந்து படத்துக்கு வருவது. படத்திலிருந்து காம்பஸுக்குப் போவது அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

தேர்வில் அந்த நாலு கேள்வி போனாலும் மற்றதில் வாங்கித் தேறிவிட்டான். எண்பத்தெட்டு. வீடே கொண்டாடியது.

அவன் காணாமல் போனபோது எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் பாட்டு என்றுதான் அதைப் பாடி உனக்கு ஊட்டினேன். நாலு வருஷம் கழித்து, லென்ஸ் வேலை கற்றுக்கொள்ளப் போன இடத்தில் நூலகத்தில் அதே புத்தகம் இருந்தது. சும்மா எடுத்தேன். நாற்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நூலகர் வந்து, "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து பாடுவதை நிறுத்தினேன். உனக்கு ஏழு வயது, அதற்குள் அது உன் எலும்பில் இறங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா தினமும் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், உன் மகனைத் தப்பான திசையில் அனுப்பியது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்தப் பக்கம் தேடியிருக்க வேண்டும் என்று பதினாறு வருஷமாக எனக்குத் தெரியும். நான் பேசாமல் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நீ அதே கிளப்புக்குப் போகிறேன் என்றபோது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று பயந்தேன். பால் பொங்குகிறது என்றேன்.

தேர்வு எழுதாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்தத் தப்பு உன் கையை விட்டுப் போகும்வரை நீ தனியாக ஏறக்கூடாது. தொண்ணூறு வாங்கித் தேறினாலும் ஏறக்கூடாது. உன்னையும் நான் அனுப்பிவைத்தேன் என்றால் எனக்கு அதற்குமேல் ஒன்றுமில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

சிட்டு

•

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உடனே எழுதாததற்குக் காரணம் கோபம்தான். நாலு நாள் கோபம், மீதி நாள் கணக்கு.

கோபம் நீ பாட்டுக் கட்டியதற்கு இல்லை. பதினைந்து வயதில் நானாக இருந்தால் புத்தகத்தையே திறந்திருக்க மாட்டேன். இவ்வளவு காலமும் தனியாகச் சுமந்தாயே, அதற்கு. இருபது வருஷமாக எனக்கு ஓர் அண்ணன் இல்லாமல் செய்தீர்களே, அதற்கும்.

இப்போது கணக்கு. ஒன்பதைக் கூட்டுவதற்குப் பதில் கழித்தால் மொத்தம் பதினெட்டு டிகிரி விலகல். அறுபது மைலுக்கு ஒரு டிகிரி விலகினால் ஏறத்தாழ ஒரு மைல் விலகும். இது எங்கள் பாடத்தில் முதல் வாரத்திலேயே வருவது. ஆகவே நாற்பதாவது நிமிடம் அவன் கோபுரத்துக்கு மேலே இல்லை. பதினெட்டு மைல் வடக்கே, நாணற்காட்டுச் சதுப்புக்கு மேலே இருந்தான். பத்து மைல் தேடினார்கள். அவன் அந்தத் தப்பை ஒழுங்காக, ஒரே மாதிரி செய்பவன் என்று உன்னைத்தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

மாஸ்டரிடம் சொன்னேன். படத்தையும் பார்த்தார், உன் கடிதத்தையும் பார்த்தார். "இந்த வருஷம் சதுப்புல தண்ணி வத்திக் கிடக்கு. நீ முதல்ல தேர்வை எழுது. அப்புறம் நாம போவோம்" என்றார்.

நேற்று முன்தினம் எழுதினேன். அதற்கு முன்தினம் மத்தியானம் கடைசியாக ஒரு தடவை புத்தகத்தை எடுத்து அந்த நாலு கணக்கையும் போட்டேன். மறுபடி கழித்தேன். அழுகையே வந்துவிட்டது. முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், நாற்பத்தேழாம் பக்கத்தில் சூத்திரத்தின் மேல் ஒரு கோடு அடித்திருந்தது. அடியில் ஊதாவில்: "கடுகு, கூட்டு."

அறையில் யாரும் இல்லை. பஞ்சு விமானத்தில் இருந்தான். என் நாக்கைப் பார்த்தேன், சாதாரணமாகத்தான் இருந்தது. பயந்திருக்க வேண்டும், ஏனோ பயமாக இல்லை. அண்ணன் எப்போதோ என்னை நினைத்து எழுதியது, இவ்வளவு நாள் நான் கவனிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மேஜைக்கு அடியில் செருப்பைக் கடித்தவனையும் அவன் மறக்கவில்லை பார்.

தேர்வில் கூட்டினேன். கை மறுக்கவில்லை. தொண்ணூற்றெட்டு. போன இரண்டும் ரேடியோ அலையை வைத்து வழி பிடிக்கிற கேள்விகள், மானம் போகிறது.

உன்,
கடுகு

•

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நான் நலமாக இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை காலை மாஸ்டரும் நானும் கிளம்பினோம். காம்பஸில் எழுபத்தொன்றை வைத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாகத் தப்பான திசையைப் பிடித்ததில்லை. கீழே வயல்கள், ஒரு கால்வாய், பிறகு நாணல். நாற்பதாவது நிமிடம் மாஸ்டர், "கோபுரம் தெரியுதா?" என்று கேட்டார். "தெரியலை சார்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது.

"இப்ப உனக்குத் தப்பு புரிஞ்சுபோச்சுன்னு வை. என்ன செய்வே?"

"தெற்கே திரும்புவேன் சார்."

"திரும்பு."

ஆறு மைல் போனோம். வற்றிய சேற்றில் ஒரு வால் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. வெள்ளை. அதன் எண்ணை மாஸ்டர் படிக்கவே தேவையில்லை. கோபுரத்துக்குப் பன்னிரண்டு மைல் வடக்கே, அக்கா. தேடியவர்கள் நின்ற இடத்திலிருந்து இரண்டு மைல்.

மறுநாள் ஆட்கள் நடந்தே உள்ளே போனார்கள். நானும் போனேன். அவன் அங்கேதான் இருந்தான். வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கை வாரை அவிழ்க்கவில்லை. விமானத்தின் மூக்கு தெற்கே, நேராகக் கோபுரத்தைப் பார்த்து இருந்தது. மூடுபனியில் தாழ வந்திருக்கிறான், தரை எது என்று தெரிந்திருக்காது என்றார் மாஸ்டர். ஒரு நொடிக்கு மேல் ஆகியிருக்காது என்றும் சொன்னார்.

நாங்கள் எழுதுவதற்குத் தொடையில் ஓர் அலுமினியப் பலகை கட்டிக்கொள்வோம். அவனுடையது அவனோடு இருந்தது. காகிதம் மக்கிப்போயிருந்தது. சேற்றைத் துடைத்ததும் உலோகத்தில் கீறல் தெரிந்தது. டிவைடர் முனையால் கீறியிருக்கிறான், பென்சில் முனை உடைந்திருக்கலாம். எழுபத்தொன்றின் மேல் ஒரு கோடு. கீழே எண்பதும் ஒன்பதும் கூட்டி எண்பத்தொன்பது. அதற்கும் கீழே, குலுங்கிக் குலுங்கி:

"மாட்டிக்கிட்டேன், சிட்டு."

அவன் கண்டுபிடித்துவிட்டான், அக்கா. நீ தப்பு செய்தாய் என்று தெரிந்துகொண்டும் உன்னைக் கேலி செய்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறான்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவர ஏற்பாடு நடக்கிறது. பலகையை நான் என் கையில் கொண்டுவருகிறேன்.

உன்,
கடுகு

•

ஜூன் 11

என் கடுகுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை பேச்சுக்கு எழுதவில்லை. உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தேன், பிறகு தலையை அதன்மேல் வைத்து மாலைவரை அழுதேன். அழுது முடித்தபோது தலைவலி இல்லை. அம்மா சாத்திய ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருக்கிறேன். பூனை உள்ளே வந்துவிட்டது, அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

அந்தப் பலகையைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிடாதே. அப்படியே கொண்டுவா. அவன் கேலி செய்து இருபது வருஷமாயிற்று, எனக்கு அது வேண்டும்.

உன்னிடம் மறைத்து மறைத்துப் பழகிவிட்டேன். மே மாதம் நீ எழுதியதைப் படித்தபோதே ஒன்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குப் பயமாக இருந்தது, இன்றைக்கு இல்லை. ஆகவே சொல்கிறேன்.

அண்ணன் உன்னைக் கடுகு என்று கூப்பிட்டதே இல்லை. அவனுக்கு நீ "பெரியவர்". "பெரியவர் செருப்பைத் தின்றுவிட்டார்" என்பான். அவன் போன அடுத்த வருஷம், நீ சாப்பிடாமல் கொள்ளாமல் சுருங்கிப்போயிருந்தாய். இது என்ன கடுகு மாதிரி இருக்கிறதே என்று மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பேரை வைத்தது நான். அவன் வரைபடத்தைப் பையில் செருகிவிட்டுப் போன காலையில், அப்படி ஒரு பேர் உலகத்திலேயே இல்லை.

அந்தப் புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைத்துவிடாதே. அந்த வரியையும் அழிக்காதே. உன் கறுப்புப் பென்சிலால் அதற்குக் கீழே எழுது: "கூட்டிவிட்டான். சிட்டு பார்த்துவிட்டாள்." இரண்டு நாள் பக்கத்தைத் திறந்து வை, அறையில் யாரும் இல்லாத மத்தியானமாக.

பதில் ஏதாவது வந்தால் எனக்கு எழுது. நான் தாமதிக்க மாட்டேன்.

உன் அக்கா,
சிட்டு